தன்னையே மறந்துபோன பெட்டி

"பாப்பா, ஒங்கப்பா பேச மாட்டேங்கிறாரு."

அம்மா போனில் இப்படிச் சொன்னபோது நான் பதுளை பஸாரில், கடையின் பின்னறையில், யாருடையதோ ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் சொன்னது சாமித் தட்டில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியை. அப்பாவின் குரல் அதற்குள்தான் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை.

அந்த வாரம் அப்புத்தளைப் பக்கம் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குப் போகும் பாதையில் மண் சரிந்து, கரண்ட் கம்பம் ஒன்றையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரண்ட் வருவதற்குள் பெட்டிக்குள் இருந்த பெட்டரி தீர்ந்து, எப்போதும் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்துவிட்டது. கரண்ட் திரும்பி வந்தபோது எரிந்தது சிவப்பு விளக்கு. அம்மா பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறாள். ஒரு சத்தமும் இல்லை.

சிவப்பு எரிந்தால், பெட்டிக்குத் தன்னையே அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த விளக்கை அதில் வைத்தவள் நான்தான். ஒருநாளும் எரியப்போவதில்லை என்ற நம்பிக்கையில், சும்மா ஒரு ஒழுங்குக்காக வைத்தது.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளராதவர்களுக்கு இந்தப் பெட்டியின் கதையைச் சொல்வது கஷ்டம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. நடுவில் ஒரு சுவர் இருக்கும்தான், ஆனால் அந்தச் சுவர் கூரைவரை போகாது. மேலே விட்ட இடைவெளி வழியாகக் கறி வாசம் போகும், புகை போகும், தும்மல் போகும், சண்டை போகும். ஒருமுறை அம்மா அப்பாவிடம் குழம்பில் உப்புச் சரியா என்று கேட்டாள். அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்துக் காம்பரா அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "கொஞ்சம் கம்மிதான்" என்றாள். அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பியிருந்தோம், அதனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. படிக்கிற காலத்தில் எனக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது. இப்போது பதுளையில் வாடகை அறையில் தும்மினால் ஏன் என்று கேட்க ஆளில்லை. அத்தையின் காதுகளுக்காக ஏங்குவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

அப்பா அதிகம் பேசாதவர். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து காய வைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை. தூசு நெஞ்சில் இறங்கி, கடைசியில் இருமல்தான் அவர் பேச்சாகிப்போனது. வேலைக்குப் போக முடியாமல் வீட்டோடு இருந்த நாட்களில் ஒருநாள், மதிய வெயிலுக்கு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது பதுளையில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்திருந்தேன்.

"ஒங்கம்மாகிட்ட சில விசயம் சொல்லணும்" என்றார். "இங்க சொன்னா லயமே கேக்கும். பெட்டி மாதிரி ஏதாச்சும் செய்ய முடியுமா?"

போனில் பேசிப் பதிந்து வைக்கலாமே என்றேன். அப்பா என் போனை ஒரு திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய கோயில் திருவிழாவில் அவர் தப்பு மேளத்துக்கு ஆடியதை யாரோ போனில் எடுத்து, அது கைக்குக் கை மாறி, ஹாலிஎலயில் இருக்கும் சொந்தக்காரர்கள்வரை பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாம் வழியில் நிறுத்தி விசாரித்தார்கள். அதிலிருந்து, போனுக்குள் போனது ஊருக்குள் போனது என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

"ஒங்கம்மாவத் தவிர யாரும் கேக்கக் கூடாது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீயுந்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் படிப்பின் கடைசி வருடத்தில் செய்து காட்ட ஒரு வேலை வேண்டியிருந்தது, அதையே செய்வதென்று முடிவு செய்தேன். அந்த நேரத்தில் என் தலை முழுக்க சிப் என்கிற நினைவுச் சில்லுகளின் கைரேகைதான் ஓடிக்கொண்டிருந்தது.

அது இப்படி. சில்லுக்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது பூச்சியம், அவ்வளவுதான். மின்சாரம் போனால் எல்லாம் மறந்துபோகும். மறுபடி மின்சாரம் வந்ததும், நாம் எதையும் எழுதுவதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு அறையும் தானாக ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு எழும்பும். எந்தப் பக்கம் என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை. செய்யும்போது நேர்ந்த, கண்ணுக்கே தெரியாத ஏற்றத்தாழ்வு தீர்மானிக்கிறது. எங்கள் லயமும் ஒரே அளவில் ஒரே ஆள் கட்டியதுதான். ஆனால் எங்கள் கதவைத் தூக்கித்தான் திறக்க வேண்டும், அத்தை வீட்டுக் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். அதுபோலத்தான் இந்த அறைகளும். இந்தச் சாய்வுகளை வரிசையாகப் படித்தால் வருவது அந்தச் சில்லின் கைரேகை. செய்த கம்பெனியே நினைத்தாலும் அதேபோல் இன்னொன்று செய்ய முடியாது.

இதை வைத்துப் பூட்டுப் போடுவதில் ஒரு அழகு இருக்கிறது. சாவியை எங்கேயும் எழுதி வைக்கத் தேவையில்லை. பெட்டி விழித்ததும் கைரேகையிலிருந்து சாவி பிறக்கும், பெட்டி அணைந்ததும் செத்துப்போகும். அணைந்திருக்கும் பெட்டியைத் திருடன் உடைத்துப் பார்த்தால் உள்ளே சாவி இருக்காது. அப்பாவின் பேச்சு பதிந்த மெமரி கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டால் வெறும் இரைச்சல்தான். அப்பா கேட்டது இதைத்தானே. பெட்டியையே கையில் எடுத்துப் பொத்தானை அழுத்துகிறவரை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை. அதற்கு அம்மாதான் பூட்டு என்று விட்டுவிட்டேன்.

எல்லா அறைகளும் ஒவ்வொரு முறையும் ஒரேபோல எழும்பாது. சில அறைகள் தயங்கும். சூட்டில் ஒரு மாதிரி, குளிரில் ஒரு மாதிரி எழும்பும். அந்தச் சின்னத் தவறுகளைச் சரிசெய்துகொள்ள ஒரு திருத்தக் குறிப்பைப் பெட்டிக்குள்ளேயே எழுதி வைப்பார்கள். நானும் எழுதினேன். பெட்டி எங்கள் காம்பராவில்தான் இருக்கப்போகிறது என்பதால், அதன் கைரேகையை முதன்முதலில் எடுத்ததும் அங்கேதான். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் போகிற காலை நேரம், பனி வாசல்வரை வந்து நின்றது. அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிள்ளை பிறந்த வீட்டில் நிற்பவர்போல, வெளியே நடந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் பேசினார். லயத்தில் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போன பிறகு, கோழிகள் மட்டும் இருக்கும் மதியங்களில் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, அம்மா ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு கம்பளியைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு கம்பளிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. பக்கத்துக் காம்பரா அத்தை பயந்துபோய், என்னடி சிரிக்கிறாய், புத்தி கித்தி பேதலித்துப் போச்சா என்று சுவர் வழியாகக் கேட்டாள். அம்மா கம்பளியை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். ஒரு பேச்சின் பாதி மட்டும் கேட்டு மீதி கேட்காமல் போனது அத்தைக்கு அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும்.

பெட்டி விழித்திருக்கும்போது முன்னால் ஒரு பச்சை விளக்கு எரியும். அதை அம்மா அப்பாவின் விளக்காக எடுத்துக்கொண்டாள். செத்தவர் படத்துக்கு முன்னால் வைத்த விளக்கை அணைய விடக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். எண்ணெய் விளக்கு காற்றில் அணையும், எண்ணெய் தீர்ந்தால் அணையும். இது அணையவே அணையாது. கேட்டு முடித்ததும் அணைத்துவிடு, மறுபடி போட்டால் பேசும் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். காதில் வாங்கவே இல்லை. சார்ஜரைச் சொருகியபடியே வைத்திருந்தாள். கரண்ட் போனால் பெட்டரி பார்த்துக்கொள்ளும். வெளியூர் போனால் அத்தையிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, விளக்கைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவாள். அடம் என்றால் அப்படி ஒரு அடம். பிறகு நானும் விட்டுவிட்டேன், ஊருக்குப் போய் வாசலில் நிற்கும்போது இருட்டுக்குள் அந்தப் பச்சைப் புள்ளி தெரிந்தால் எனக்கும் மனம் நிறைந்துவிடும்.

அந்த விளக்குத்தான் அணைந்துபோனது. பாதை சரியானதும் அம்மா ரயிலேறி வந்துவிட்டாள். பெட்டியைப் பையில் வைக்க மனமில்லாமல், துவாயில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு அப்புத்தளையிலிருந்து பதுளைவரை வந்திருக்கிறாள். ஸ்டேஷனில் என்னைக் கண்டதும் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. துவாயை என் கையில் வைத்தாள்.

கடை முதலாளியை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, நானா என்றுதான் கூப்பிடுவேன். பஸாரில் அவருடைய வாப்பா காலத்திலிருந்து ரேடியோ, டிவி, போன் என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்த கடை. இப்போது வருகிற போன்களோடு அவருக்குத் தீராத சண்டை. ஒரு போனின் கண்ணாடியைக் கழற்றி இன்னொரு போனில் போட்டால், இந்தப் பாகம் யாருடையது என்று தெரியவில்லை என அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போனுக்கு இவ்வளவு ரோசம் எதற்கு என்று திட்டுவார். அன்றைக்கு என் மேசைக்கு வந்து பெட்டியைப் பார்த்தார். பழுதுபார்க்கிறவர்களுக்கு உடனே தோன்றுவதுதான் அவருக்கும் தோன்றியது.

"சிப்ப மாத்திட்டா சரிதானே, தங்கச்சி?"

மாற்றினால் பெட்டி வேலை செய்யும், ஆனால் புதிய சிப்புக்குப் புதிய கைரேகை, அப்பாவின் பேச்சு பழைய கைரேகைக்குத்தான் திறக்கும் என்று சொன்னேன். நானா பெட்டியை மேசையில் மெதுவாக வைத்தார்.

"அப்ப இது சாமான் இல்ல" என்றார். "ஆள்."

அதற்குப் பிறகு அந்த மேசையில் வேறு வேலை எதையும் வைக்கவில்லை. கடைக்கு வந்த போன்களையெல்லாம் அவரே எடுத்துக்கொண்டு போனார்.

நான் பெட்டியை அணைத்து, போட்டு, ஒவ்வொரு தடவையும் அறைகள் எப்படி எழும்புகின்றன என்று மடிக்கணினியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். தவறுகள், திருத்தக் குறிப்பால் சரிசெய்யக்கூடிய அளவைத் தாண்டிப்போயிருந்தன. மழை ஈரமா, பெட்டரியா என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. பிடிபட்டதும் மடிக்கணினியை மூடினேன்.

ஒரு அறை ஒரே பக்கம் சாய்ந்தபடி நெடுங்காலம் விழித்திருந்தால், அதைத் தாங்கிப் பிடிக்கிற பக்கம் தேய்ந்துபோகும். பிறகு அணைத்துப் போட்டால் மறுபக்கம் சாயத் தொடங்கும். சில்லுக்கு வருகிற முதுமை இது. கைரேகை இருந்த பகுதி வேறு எந்த வேலைக்கும் தேவைப்படாததால், முதல்நாள் எழும்பிய கோலத்திலேயே, அப்படியே, வருடக்கணக்கில் விழித்திருந்திருக்கிறது. இரவும் பகலும் ஒரு கண்கூட மூடவில்லை. இந்த வகைப் பூட்டை உடைக்க நினைப்பவர்கள் சூடேற்றி, அழுத்தம் கொடுத்து, வேண்டுமென்றே சில்லை இப்படி முதுமையாக்குவார்கள் என்று படித்திருக்கிறேன். அதையேதான் அம்மா பக்தியோடு செய்திருக்கிறாள்.

அவள் கடையின் பின்னறையில், தேத்தண்ணியை ஆற விட்டுக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நா பாத்துப் பாத்துத்தானே வச்சிருந்தேன்" என்றாள். "ஒரு நாளாச்சும் அணைய விட்டேனா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். எத்தனை தடவை சொன்னேன் என்று ஆரம்பிக்கிற வசனம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அவள் மடியில் அந்தத் துவாயை நான்காக மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். வசனத்தை விழுங்கிவிட்டேன்.

"அதுக்குத் தூக்கமே இல்லாமப் போச்சும்மா" என்றேன். "கொஞ்ச நாளைக்கு அணைச்சே வைக்கணும். அப்பத்தான் தெளியும்."

இது அவளைச் சமாதானப்படுத்தச் சொன்ன பொய் இல்லை. மின்சாரம் இல்லாமல் ஓய்ந்து கிடந்தால் தேய்ந்த பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மீளும், முழுவதுமாக இல்லை, ஓரளவுக்கு. அந்த ஓரளவு போதுமா என்று எனக்கே தெரியாது. அதை நான் சொல்லவில்லை, ஆனால் அம்மாவுக்கு விளங்கியிருக்கும்.

மடியில் இருந்த துவாயை விரித்தபடி, "கடைசியில ஒங்கப்பாவுக்கும் அப்படித்தான்" என்றாள். "படுத்தா இருமல் வந்துரும். ஒக்காந்தே இருப்பாரு. தூங்கட்டும்."

பெட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள். சாமித் தட்டில் வைக்கவில்லை. தகரப் பெட்டிக்குள் அப்பா கட்டிய சாரங்களுக்கு நடுவில் வைத்து மூடிவிட்டதாகப் போனில் சொன்னாள்.

அந்த வாரங்கள் எனக்கு நன்றாகக் கழியவில்லை. அம்மா விளக்கு வைக்கிற நேரத்தில் எனக்குப் போன் எடுப்பாள். மழை, கொழுந்து, அத்தையின் முழங்கால் வலி எல்லாவற்றையும் பேசுவாள், பெட்டியைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு என் ஞாபகமே வராது. அப்பாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது அந்த இடத்தை நிரப்பத்தான் என்னைக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது. ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பது எப்படி என்று கொஞ்சம் மறந்ததுபோல் இருக்கிறது என்றாள். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கும்தான் அவர் குரல் மறந்துகொண்டு வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஹாலிஎலவரை போன அந்தத் திருவிழாப் படத்தை நானும் போனில் வைத்திருக்கிறேன். அதில் அப்பா ஆடுகிறார், வாயைத் திறந்து என்னவோ சொல்கிறார், ஆனால் தப்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எத்தனையோ தடவை சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு போதும் என்று தோன்றிய ஒரு காலையில் ஊரில் இருந்தேன். முதன்முதலில் கைரேகை எடுத்த அதே குளிரில், அதே இடத்தில் எடுத்தால்தான் பழைய முகத்துக்குக் கிட்டே வரும். பனி வாசலில் நின்றது. அம்மா தகரப் பெட்டியைத் திறந்து துவாயோடு என் கையில் கொடுத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்தில் நின்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அத்தையும் போய்விட்டாள். லயம் காலியானது, கோழிகள் மட்டும் இருந்தன. அப்பா பேசிய மதியங்கள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியைப் போட்டுப் படித்தேன். அணைத்தேன். உடனே போடக் கூடாது. குளிரில் சில்லு பழைய நினைவைச் சட்டென்று விடாது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். சில்லை உறைய வைத்து உள்ளே இருப்பதைத் திருடுகிறவர்கள் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் பொறுத்திருந்து போட்டேன். மறுபடி மறுபடி படித்ததில், எந்த அறைகள் உறுதியாக எழும்புகின்றன, எவை தயங்குகின்றன என்று பிரிந்து தெரிய ஆரம்பித்தது. கடையில் பார்த்ததைவிடத் தயங்குகிறவை கூடியிருந்தன. அது நல்ல சகுனம். கடையில் மறுபக்கம் சாய்ந்துவிட்டிருந்த அறைகள் பழைய பக்கத்துக்குத் திரும்புகிற வழியில் நிற்கின்றன என்று அர்த்தம். உறுதியானவற்றை நம்பினேன். தயங்குகிறவை ஒரு காலத்தில், கடையில் காட்டியதற்கு எதிர்ப்பக்கம் இருந்தவை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விதமாக மாற்றி, திருத்தக் குறிப்போடு பொருத்திப் பார்க்கும்படி மடிக்கணினியிடம் விட்டேன்.

பூட்டை உடைக்கிறவன் செய்கிற வேலைதான் அது. பூட்டைச் செய்தவளே அதைச் செய்துகொண்டிருந்தேன். இப்படிச் செய்ய முடியும் என்பதே அந்தப் பூட்டுக்கு மரியாதைக் குறைவுதான். ஆனால் அது திறக்க வேண்டும் என்று நான் வேண்டியதுபோல எந்தப் பரீட்சைக்கும் சாமி கும்பிட்டதில்லை.

மதியக் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பொருந்திவிட்டது. இரைச்சலாகக் கிடந்த கார்டு, வரிசையாக ஒலிப்பதிவுகளாகத் திரையில் விரிந்தது. பெயர் ஒன்றுமில்லை. சில மிகச் சின்னவை. ஒன்று நீளமானது.

சரியாகத் திறந்திருக்கிறதா என்று பார்க்க அதைக் கேட்கத் தேவையில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் கை அந்த நீளமானதன்மேல் போய் நின்றது. லயத்தில் யாரும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தைகூட இல்லை. கேட்க ஆசையாக இருந்தது. சின்னப் பிள்ளைபோல அழுகை வந்தது, அழுதேன். நீயுந்தான் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ அவருடைய குரலிலேயே எனக்கு ஞாபகம் இருந்தது. எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

பிறகு பெட்டிக்கு அதன் இன்றைய முகத்தைப் பழக்கினேன், அதிலிருந்தும் அதே சாவி பிறக்கும்படி திருத்தக் குறிப்பைப் புதிதாக எழுதினேன். இனிமேல் விழித்ததும் கைரேகையைப் படித்துவிட்டு, அந்தப் பகுதியை உடனே அழித்து மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கும்படி மாற்றினேன். இப்போது அந்தப் பகுதி ஒரே கோலத்தில் தேயாது, ஆனாலும் ராத்திரியில் அணைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். அணைத்துப் போட்டேன். பச்சை எரிந்தது.

அம்மா வந்து கூடையை இறக்கினாள். வாசலிலேயே பச்சையைப் பார்த்துவிட்டாள். கைகால் கழுவி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டாள். நான் இஸ்தோப்புக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது.

வேலையிலிருந்து திரும்பியிருந்த அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னடி, வந்துட்டாரா?" என்றாள்.

"வந்துட்டாரு" என்றாள் அம்மா.

அவள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு விசயத்தைச் சொன்னேன். திறப்பதற்காக எடுத்த சாவி இப்போது என் மடிக்கணினியில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டால் பெட்டி உடைந்தாலும் கெட்டாலும் பேச்சு அழியாது, அவளுடைய போனிலேயே போட்டுத் தரலாம். ஆனால் அது என்னிடம் இருக்கும்வரை பெட்டி பூட்டு இல்லை. என் மடிக்கணினி யார் கையில் கிடைத்தாலும் அவர்களும் கேட்கலாம். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ கேட்டியா?"

இல்லை என்றேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள். அழுத கண் என்று தெரிந்திருக்கும்.

"ஒன்னப் பத்தியும் பேசுறாரு" என்றாள்.

"என்ன சொல்றாரு?"

"அத எங்கிட்டதான் சொன்னாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டுத் திறந்தவளுக்கு ஒரு வசனம் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று கேட்கப்போனேன். அவள் என் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். தான் இருக்கும்வரைக்கும் பெட்டி இருந்தால் போதும், அந்தச் சாவியை அழித்துவிடு என்றாள்.

அவள் முன்னாலேயே அழித்தேன். சாவி, திறந்த பதிவுகள், படித்து வைத்த கைரேகைகள் எல்லாவற்றையும். என் தொழிலில் இருப்பவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். பிரதி இல்லாமல் எதையும் விடாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். பெரிய தியாகம் செய்த நினைப்பெல்லாம் எனக்கு இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் ஹாலிஎல தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தேன். என் அப்பாவின் குரலை என் கையாலேயே அழித்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. அதில் என்னைப் பற்றியும் என்னவோ இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டபோது கொஞ்சம் ஆறியது.

இப்போதெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா எனக்குப் போன் எடுப்பதில்லை. நானும் அந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை. அவள் பெரட்டுக்குப் போகிற வழியில், மூச்சிரைக்க, காலையில் கூப்பிடுவாள். ராத்திரி பெட்டியை அணைத்தாயா என்று நான் கேட்பேன்.

"அணைச்சுட்டேன் பாப்பா" என்பாள். "தூங்குறாரு."